குஞ்சின் கண்ணுக்கு ஒரு கேமரா

கேமரா வாங்கப் போகும்போது பெரியம்மா ஒரு கோழிக்குஞ்சையும் எடுத்துக்கொண்டாள். அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை, உள்ளே கொஞ்சம் உமி. பெட்டி என் மடியில். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு. பண்ணை முதலாளியின் காரில் நாமக்கல்லில் இருந்து சேலம் போகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிசு. கேமரா அப்புறம்.

பெரியம்மாவுக்கு வேலை, பண்ணைகளில் குஞ்சுக்கு மருந்து போடுவது. அவளோடு ஆறு பெண்கள். ஒரு வேனில் பண்ணை பண்ணையாகப் போவார்கள். குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் லேசு. பெரியம்மா குஞ்சை இடது கையில் எடுப்பாள். கட்டை விரலால் தாடைக்கு அடியில் பட்டும் படாமலும் ஓர் அழுத்து. குஞ்சு அகல விழிக்கும். சொட்டு விழும். அது கண்ணைச் சிமிட்டி உள்ளே வாங்கும்வரை விடமாட்டாள். மருந்து நீல நிறம். சரியாக ஏறினால் குஞ்சின் நாக்கு நீலமாகும். அவசரப்பட்டால் தலையை உதறும், மருந்து உமிக்குப் போய்விடும். இப்போது நானும் அந்த வேலைக்குத்தான் போகிறேன். அந்த அழுத்து எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

முதலாளிக்கு ஒரு யோசனை. பண்ணையிலேயே தங்கி வேலை செய்த வடக்கத்தி ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மா மருந்து போடுவதைப் படம் எடுத்து டிவியில் காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு எடுக்கிற பெரிய கேமரா வேண்டாம். கைக்கு அடக்கமாக, விலை குறைவாக ஒன்று போதும். எது நல்லது என்று அவருக்குத் தெரியவில்லை.

"உங்க கைதான் படத்துல வரோணும். நீங்களே வந்து பாருங்கக்கா" என்றார்.

முந்தின நாள் வேனில் ஒரு அக்கா கேட்டாள். "படத்தைப் பாத்து அவங்களே போட்டுக்கிட்டா, நம்மள என்னத்துக்குக் கூப்புடறாங்க?"

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கடைசி சீட்டில் புளிப்பு மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

கடை, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில். உள்ளே ஏசி. பெட்டியைத் திறந்ததும் குஞ்சு கத்தியது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, குஞ்சை வெச்சு சினிமா எடுக்கறீங்களா?"

"ஆமாங்க. இவதான் கதாநாயகி. பாத்து எடுங்க, கோவிச்சுக்குவா" என்றாள் பெரியம்மா.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று வெள்ளியாட்டம். தூரத்தில் இருப்பதை அறுபது மடங்கு கிட்ட இழுக்கும் என்றார். இன்னொன்று கறுப்பு, சோப்புப்பெட்டி மாதிரி. விலை இரண்டுக்கும் பக்கம்பக்கம்தான். முதலாளி போன் பேசக் கீழே போயிருந்தார். கடைக்காரர் ஒவ்வொன்றாக டிவியில் மாட்டினார். பெரியம்மா மருந்து பாட்டிலில் வெறும் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். குஞ்சை எடுத்து ஒரு சொட்டு விட்டாள்.

வெள்ளி கேமராவில் பெரியம்மா முழுசாகத் தெரிந்தாள். சேலைக் கரைகூட அழகு. கையைக் கிட்ட கொண்டுபோனதும் விரலும் குஞ்சும் ஒரே பஞ்சுப் பொதியாகிவிட்டது. சோப்புப்பெட்டியில் அப்படி இல்லை. கட்டை விரல் தாடைக்கு அடியில் போவது, சொட்டு கண்ணின் மேல் நிற்பது, குஞ்சு சிமிட்டுவது எல்லாம் தெரிந்தது. பெரியம்மாவின் நகத்து அழுக்குகூட.

"இன்னொருக்கா காட்டுங்க" என்றாள். காட்டினார். ரொம்ப நேரம் பார்த்தாள்.

முதலாளி மேலே வந்தார். "எதுங்கக்கா?"

பெரியம்மா வெள்ளி கேமராவைத் தொட்டாள். "இதுங்க மொதலாளி. தூரமா நின்னே எடுத்துக்கலாம், குஞ்சு மெரளாது."

கடைக்காரர் வாயைத் திறந்தார். "கிட்டத்துல எடுக்கறதுக்கு இந்தச் சின்னது..."

"உங்க பாப்பா காதுகுத்துக்கும் ஆகோணுமில்லீங்க? இதுல ஆளு எத்தனை லட்சணமா வருதுன்னு பாருங்க."

"அதுஞ் செரிதான்" என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, சின்னதுலதான் சொட்டு தெரிஞ்சுது."

குஞ்சை என் கையில் திணித்தாள். "பொட்டிக்குள்ள வுடு சாமி. குளுருல நடுங்குது பாரு."

அது ஒன்றும் நடுங்கவில்லை. நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு பண்ணைக் கொட்டகையில் படம் எடுத்தார்கள். பெரியம்மா நிறுத்தி நிதானமாகச் செய்து காட்டினாள். ஒன்றையும் விடவில்லை. முதலாளி கிட்டப் போய் எடுத்தார், தள்ளி நின்று இழுத்தும் எடுத்தார், கை ஆட்டத்தில் படமும் ஆடியது. டிவியில் போட்டால் பெரியம்மா தெரிந்தாள், குஞ்சும் இருந்தது. நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. "வெளிச்சம் பத்தலையாட்டம் இருக்குது" என்றார்.

வடக்கத்தி ஆட்கள் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தார்கள். அடுத்த கொட்டகைக்குக் குஞ்சு வந்தபோது அவர்களே போட்டார்கள். முதலாளி குஞ்சுகளை எடுத்து வாயைத் திறந்து பார்த்தார். பாதிக்கு நாக்கு நீலமாகவே இல்லை. அன்று சாயந்திரமே போன் வந்தது. நீங்களே வந்திடுங்கக்கா என்றார். அப்புறம் அந்தக் கேமரா காதுகுத்துக்குப் போனது. படம் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் வேனில் நானும் இருந்தேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"எங்க பெரியம்மாளுக்குக் கேமராவே பாக்கத் தெரியல. நல்லா தெரியறதை வுட்டுப்போட்டு மங்கலா தெரியறதை வாங்க வெச்சிருச்சு."

வேனே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். அன்றைக்கு அந்தக் கேள்வி கேட்ட அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பெரியம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"எனக்கென்ன சாமி தெரியும்? நாலாப்போட நின்னவ."

அதற்கும் சிரித்தார்கள்.

எனக்கு அவர்கள்மேல் கோபம். படிக்காதவள் என்று எப்படிக் கேலி செய்கிறார்கள் பார் என்று நினைத்தேன். பெரியம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி எந்தக் கடைக்குப் போனாலும் நானே கூடப் போய், நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.