கன்னிமூலையின் அரை அடி

கம்ப்யூட்டரில் நான் கட்டிய வீட்டின் ஓட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு சுவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து என் கணவரின் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

“என்னம்மா இது, கூரைக்கு மேல சொவரு நிக்கிது? காக்கா ஒக்காரவா கட்டுற?”

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்றைக்கு விட வேண்டியதாயிற்று. சுவர் நிஜமாகவே நீட்டிக்கொண்டுதான் இருந்தது.

அறந்தாங்கிக்கு வெளியே நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவதாக ஏற்பாடு. கணவர் குவைத்தில் இருந்தார். நான் சிவில் டிப்ளமோ படித்தவள், கல்யாணத்துக்கு முன் ஓர் இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. மாமியார் வீட்டுக் கட்டிலில், மடிக்காத துணிக் குவியலை ஒரு கையால் தள்ளிவிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊரார் வீட்டையெல்லாம் வரைந்தேன். யாருக்கோ பூஜை அறை, யாருக்கோ கார் நிறுத்த இடம். எனக்கு ஒரு மேஜை போட இடம் கிடையாது. மேஜை கிடக்கட்டும், சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. அதனால் எங்கள் வீட்டுக்கு நானே வரைந்த பிளானில், சரிந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே, படியேறிப் போகிற மாதிரி ஓர் அறை போட்டேன். ‘என் அறை’ என்று அதன்மேல் எழுதியும் வைத்தேன்.

கணவரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதை அறை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பரண் என்பார்.

“பரண்ல ஏறி ஒக்காரப் போறியாக்கும், பழைய அண்டாவாட்டம்? தல இடிக்கும்மா.”

அவர் கையில் வேறொரு பிளான் தயாராக இருந்தது. தட்டையான கான்கிரீட் கூரை, பெரிய ஹால், மூன்று படுக்கையறை. என் அறையைத் தவிர எல்லாம் இருந்தது. கணவர் போனில் பஞ்சாயத்துப் பண்ணினார். “வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்குப் படத்தக் காட்டு. கூர ஒழுங்கா ஒக்காந்துச்சுன்னா ஒன் பிளானு. இல்லாட்டி அண்ணன் சொல்றதையே கட்டிருவோம்.” எனக்கு வந்ததே கோபம்! ஊருக்கெல்லாம் வரைந்தபோது யாரும் என்னைப் பரீட்சை எழுதச் சொல்லவில்லை. சொந்த வீட்டில் எனக்கு ஓர் அறை உண்டா இல்லையா என்பது, ஒரு கூரை உட்காருவதில் வந்து நின்றது.

கூரையை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். சரிவைக் கூட்டினேன், குறைத்தேன். என்ன செய்தாலும் தென்மேற்கு அறையின் சுவர் மட்டும் ஓட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. சரி தொலையட்டும் என்று கூரையைத் தூக்கி அந்தச் சுவரின் மேல் வைத்தால், மற்ற பக்கமெல்லாம் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் வானம் தெரிந்தது. யூடியூபில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒரே பட்டனைத் தட்டுகிறார்கள், கூரை சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. என் வீட்டுக்கு மட்டும் என்ன கேடு? பழைய ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அதுக்கு முன்னாடி ஒரு தென்னமரத்த வச்சு மறைச்சு விட்டுருங்க. படத்துல தெரியவா போகுது?” என்றார்கள்.

படத்தில் தெரியாது, மழை பெய்தால் தெரியுமே! நான் மறைக்க மாட்டேன் என்று போனை வைத்தேன்.

அதற்கப்புறம்தான் கூரையை விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ஒவ்வோர் அறையாகத் தொட்டுத் தரைமட்டத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மட்டம். தென்மேற்கு அறை மட்டும் அரை அடி உயரம். அட கடவுளே!

அந்த அரை அடி என் யோசனை இல்லை. மாமா போடச் சொன்னது. முதல் நாளே சட்டமாகச் சொல்லியிருந்தார்: “கன்னிமூல மத்த எடத்த விட ஒசரமா இருக்கணும். பாரமும் அங்கிட்டுத்தான் இருக்கணும். அதுல வெளையாடக் கூடாது.” தென்மேற்கு மூலையைக் கன்னிமூலை என்போம். அதைத் தாழ்த்திக் கட்ட எங்கள் பக்கத்தில் எந்தக் கொத்தனாரும் சம்மதிக்க மாட்டார். நானும் தலையாட்டிவிட்டு அந்த அறையின் தரையை ஏற்றியிருந்தேன். சாஃப்ட்வேர் சுவரின் உயரத்தைத் தரையிலிருந்து அளக்கிறது. தரை அரை அடி ஏறினால் சுவரின் உச்சியும் அரை அடி ஏறத்தானே செய்யும்? காக்கா உட்காரும் சுவர் அவர் ஏற்றிவிட்ட சுவர்தான்.

வெள்ளிக்கிழமை கணவர் வீடியோ காலில் வந்தார். மாமா என் பக்கத்து நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தார். நான் எதையும் திருத்தாமல் படத்தை அப்படியே திறந்தேன்.

“இன்னும் நீட்டிக்கிட்டுத்தான நிக்கிது?” என்றார் மாமா.

“ஆமா மாமா. நீங்க ஏத்தச் சொன்ன அரை அடி அது. எறக்கிரவா?”

“கன்னிமூலயையா? என்னம்மா பேசுற நீயி?”

“அப்ப மத்த சொவரெல்லாம் அரை அடி ஒசரணும். கூர மொத்தமும் மேல போயிரும். பரண்ல தலையும் இடிக்காது.”

போனில் கணவர் சிரித்துவிட்டார். “அண்ணே, அவ சொல்றது சரியாத்தான இருக்கு?”

மாமா என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னமோ பண்ணித் தொலைங்க,” என்று எழுந்து போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நான் சுவர்களை ஏற்றிவிட்டேன். கூரை ஒழுங்காக உட்கார்ந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. அந்த ஓர் அறையின் சுவரை மட்டும் அரை அடி குறைத்திருக்கலாம். தரை உயரமாகவே இருந்திருக்கும், கூரையும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவருடைய மூலைக்கு அரை அடி உண்டென்றால் என் தலைக்கும் அரை அடி உண்டு.

வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று, பந்தியெல்லாம் ஓய்ந்த பிறகு, கழுவிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாமா படியேறி வந்தார். பரணில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நான் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவர் நல்ல உயரம். உள்ளே வந்து நிமிர்ந்து நின்றார், தலை இடிக்கவில்லை. ஒருதரம் மேலே பார்த்துக்கொண்டார்.

“இத எங்கிட்டும்மா வைக்க?”

“இது என் ரூமு மாமா. அண்டாவக் கன்னிமூலைக்குக் கொண்டு போங்க. பாரம் அங்கிட்டுத்தான இருக்கணும்?”

அண்டாவோடு திரும்பி இறங்கினார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.