ரெஃப்ரி குணசுந்தரியின் முழங்கால்

பாடாங் செராயில் ஞாயிற்றுக்கிழமை பந்தாட்டம் என்றால் விசில் குணசுந்தரியின் வாயில்தான் இருக்கும். வாரநாளில் கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிறன்று திடல் நிறைய ஆண்பிள்ளைகளை ஆட்டிவைக்கும் ரெஃப்ரி. பொம்பளைக்கு என்ன தெரியும் என்று வாய்க்கொழுப்பில் பேசியவர்கள் சிவப்பு அட்டை வாங்கியதும் பெட்டிப்பாம்பாய் அடங்கினார்கள். கட்டிய கணவன் வசந்தனையே ஒருமுறை திடலைவிட்டு வெளியே அனுப்பியவள் அவள்.

போன வருடம் ஒரு தடியன் ஓடிவந்து மோதியதில் அவள் முட்டி திருகி, தசைநார் பாதி கிழிந்துவிட்டது. நடக்க முடிந்தது, திரும்பி ஓடினால் முட்டி நிலைகொள்ளவில்லை. பினாங்கு டாக்டர் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, கிழிந்த இடத்தில் ஊசியாகப் போட்டார். இது புது வைத்தியம், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். வாக்குக் கொடுக்காத மனிதர் என்பதாலேயே அவரிடம் அவள் காலைக் கொடுத்தாள்.

ஊசிக்குப் பின் முட்டி பூசணிக்காயாக வீங்கியது. டாக்டர் சொல்லும்வரை யாரும் அதைத் தேய்க்கவோ பிடித்துவிடவோ கூடாது என்பது கட்டளை. தண்டனை வசந்தனுக்குத்தான். தலைவலியோ மனவருத்தமோ, எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவதைத் தவிர அன்பு காட்ட அந்த மனிதனுக்கு வேறு வழி தெரியாது.

"கொஞ்சமா தடவுறேன் லா, குணா. சூடு மட்டும் படட்டும்."

"கைய எடுங்க. டாக்டர் சொன்னா சொன்னதுதான்."

பாவம், எண்ணெய்க் கிண்ணத்தோடு சமையலறைக்குத் திரும்பிப் போவான்.

மாதங்கள் போயின. வலி குறைந்தது, நடை நேரானது, ஓட்டமும் வந்தது. மறுபடி விசில் பிடிக்க வேண்டுமென்றால் ரெஃப்ரிகளுக்கான ஓட்டப் பரீட்சையில் தேற வேண்டும். ஒவ்வொரு முறையும் பீப் சத்தம் கேட்பதற்குள் கோட்டைத் தொட்டாக வேண்டும். தொட்டுக்கொண்டேதான் வந்தாள். கடைசி ஓட்டத்தில் திரும்பும்போது முட்டி லேசாகத் தயங்கியது. பீப் கேட்டது, பாதம் அதற்குப் பிறகே கோட்டில் விழுந்தது.

பரீட்சை எடுத்த திவாகரன் பல ஆட்டங்களில் அவளோடு கோட்டோரம் கொடி பிடித்தவன். "ஓகே லா அக்கா, பாஸ்," என்றான்.

 அந்த ஒரு சொல்லுக்காகத்தானே குணசுந்தரி பட்ட இத்தனை பாடும். ஆனாலும் கை தானாக உயர்ந்தது.

"இல்ல தம்பி. பீப் முந்திருச்சு. லேட்டுன்னே போடு."

அடுத்த பரீட்சை அடுத்த வருடம்தான். காரில் வசந்தன் பொருமித் தீர்த்தான். "அவனே விட்டுட்டான். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"ஒங்களையே வெளிய அனுப்புனவ நான். எனக்கு மட்டும் வேற ரூலா?"

 வீட்டுக்கு வந்ததும் வசந்தன் பழக்கதோஷத்தில் எண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, எட்டவே நின்றான். குணசுந்தரி காலை நீட்டினாள்.

"தேய்ச்சு விடுங்க. டாக்டர் சரின்னு சொல்லி ரொம்ப நாளாச்சு."

"பிறகு ஏன் சொல்லல?"

"நீங்க கைய வச்சா அழுதுருவேன்னுதான்."

வசந்தன் கீழே உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். சொன்னபடியே அவள் அழுதாள்.