பழைய கட்டணத்துக்கு எவ்வளவு தூரம்

எலாடியோ உர்பனேகாவின் பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் சீட்டில் இருபது மாதத்துக்கு மேலாக யாரும் உட்காரவில்லை. அதில் உபரி டயரைப் படுக்கப் போட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருந்தான். நிற்க இடமில்லாத கூட்டத்திலும் அதை நகர்த்த மாட்டான். "டயருக்கும் டிக்கெட் வாங்குறியாப்பா?" என்று யாராவது கிண்டல் செய்தால் சிரித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பான். கண்ணாடியில் டயர்தான் தெரியும். ஆனாலும் வழியில் பெத்தாரே பாலம் நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகத் தொண்டையைச் செருமுவது அவனுக்குக் கேட்கும்.

குவாரேனாஸ் ஊரிலிருந்து தலைநகர் கராகஸுக்குப் பதினேழு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவன். பேய் பிசாசு என்று பயந்த ஆளில்லை. பெண்டாட்டி மெழுகுவர்த்தி ஏற்றினால்கூடக் கேலி பேசுவான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் அவனைப் பிடித்திருந்தது. அதற்கு எந்தச் சாமியார் மந்திரிக்க முடியும்?

எங்கள் நாட்டில் பெட்ரோல் தண்ணீரைவிட மலிவு. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, கடையில் விற்கும் தண்ணீர் பாட்டிலைவிட மலிவு. மண்ணுக்குள் இருப்பது நம்முடையது, நம்முடையதுக்கு நாமே என்ன விலை கொடுப்பது என்றுதான் பிறந்த குழந்தைகூட நினைக்கும். அரபு நாட்டில் சண்டை மூண்டு உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறிய காலத்தில், மயாமிக்குப் போன எங்கள் ஆட்கள் கடை கடையாக ஏறி "மலிவா இருக்கு, ரெண்டு குடு" என்று வாங்கிக் குவித்தார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, எண்ணெயை நம்பிக் காப்பித் தோட்டத்தையும் கோகோ தோட்டத்தையும் கைவிட்டோம். அந்தக் காலத்தில்தான் எலாடியோ இந்தப் பஸ்ஸை வாங்கினான்.

பிறகு வளைகுடாக்காரர்கள் சந்தையைப் பிடிக்கக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்கள். விலை பாதிக்கும் கீழே சரிந்தது. பாலைவனத்தில் யாரோ ஒரு ஷேக் குழாயைத் திருகினால் குவாரேனாஸில் பால் பவுடர் காணாமல் போகும் என்று எவன் கண்டான்? தேர்தல் வந்தது. பழைய செழிப்புக் காலத்தில் நாட்டை ஆண்ட ஜனாதிபதியே திரும்ப நின்றார். எலாடியோ உட்பட எல்லோரும் அவருக்கே குத்தினோம். ஆள் திரும்பினால் காலமும் திரும்பும் என்ற நினைப்பு. பதவியேற்று நாலு வாரம் ஆகவில்லை, நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் சொன்னார்கள் என்று பெட்ரோல் விலையை ஏற்றினார். எங்கள் பெட்ரோலை! அது எண்பத்தொன்பது பிப்ரவரி, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலையில் அரசாங்கம் சொன்ன அளவுக்கு மேலேயே ஓட்டுநர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். எலாடியோவும் அட்டையில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினான். டயர் விலை, பிரேக் விலை எல்லாம் ஏறிக்கிடக்கும்போது அவன் மட்டும் தர்மம் பண்ண முடியுமா? நிறுத்தத்தில் ஜனங்கள் ஏற மறுத்துக் கத்தினார்கள். மூன்று பேர்தான் ஏறினார்கள், மூவருமே வெளியூர்க்காரர்கள். நான்காவதாக யஹைரா ஏறினாள்.

யஹைரா கராகஸில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்தவள். ஆறு வருஷமாக அதே சீட், ஓட்டுநருக்குப் பின்னால். வழியெல்லாம் அவனைச் சீண்டிக்கொண்டே வருவாள்.

"அண்ணே, அட்டையில எழுத்து அழகா இருக்கு. யாரு எழுதினது, அமைச்சரா?"

"காலங்காத்தால வம்பு பண்ணாத, மகாராணி. காசை எடு."

"என்கிட்ட பழைய கட்டணம்தான் இருக்கு. இன்னொண்ணு திரும்பி வர்றதுக்கு."

"அப்ப இறங்கு."

"இறங்கினா சம்பளம் போச்சு. இந்தக் காசு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போங்க. மிச்சத்தை நடந்துக்கறேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். வழக்கமாக அவனும் சிரித்திருப்பான். அன்றைக்கு வெளியே ஜனங்கள் "திருடன்" என்று கத்திப் பஸ்ஸின் பக்கவாட்டில் அடித்தது அவன் தலைக்குள் ஏறியிருந்தது. சரி என்றான். கியரைப் போட்டு வண்டியைக் கிளப்பினான்.

எங்கள் பஸ்களில் இறங்க வேண்டியவர்தான் குரல் கொடுப்பார். "எங்க முடியுமோ அங்க" என்பார், ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டுவார். ஓட்டுநர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அன்று நகர எல்லையில் இருக்கும் பெத்தாரே பாலத்தடியில் எலாடியோவே வண்டியை நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமல், "இங்கதான் முடிஞ்சுது" என்றான்.

யஹைரா ஒரு நிமிஷம் எழவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தாள். "கடவுள் உங்களுக்குக் கொடுப்பார், அண்ணே" என்று எல்லோரும் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகு அவள் வீடு திரும்பவில்லை.

அன்று தொடங்கியதை நான் விவரித்து என்ன ஆகப்போகிறது? கடைகள் உடைந்தன, பஸ்கள் எரிந்தன, மறுநாள் ராணுவம் வந்தது. சலவைக்காரியா கொள்ளைக்காரியா என்று குண்டு கேட்டா பாயும்? ஒரு வாரம் கழித்து யஹைராவின் அக்கா இஸ்மேனியா கையில் போட்டோவோடு பஸ் நிலையத்துக்கு வந்தாள். மற்ற ஓட்டுநர்கள் சுற்றி நிற்க, அவனிடம் கேட்டாள்.

"உங்க வண்டியிலதானே ஏறினா அண்ணே? எங்க இறங்கினா?"

எலாடியோ வாயைத் திறந்தான். சுற்றிலும் ஏழெட்டு முகங்கள். "வழக்கம்போல நுவேவோ சிர்கோ நிலையத்துலதான்" என்றான். அது பஸ் கடைசியாகப் போய்ச் சேரும் இடம், நகரத்தின் நடுவில். பெத்தாரேயோ கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு பொய், அதுவும் வெட்கத்தில் வந்தது. அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு இஸ்மேனியா நகரத்தின் நடுவே ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக, ஒவ்வொரு பிணவறையாக ஏறி இறங்கினாள். மாதத்துக்கு இரண்டு தடவையாவது எலாடியோவின் பஸ்ஸிலேயே போனாள். டயருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போவாள். இப்படியும் ஒரு தண்டனை உண்டா?

தொண்ணூறாம் வருஷம் நவம்பரில் தெற்குக் கல்லறைத் தோட்டத்தின் கோடியில், கொள்ளைநோய் மூலை என்று பேர்பெற்ற இடத்தைத் தோண்டினார்கள். கலவர நாட்களில் சுடப்பட்டுப் பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்கள் பிளாஸ்டிக் பைகளில் வெளியே வந்தார்கள். அதே நாட்களில் வானொலி குதூகலமாக இருந்தது. ஈராக் குவைத்துக்குள் புகுந்ததால் எண்ணெய் விலை எகிறியிருக்கிறது, விட்டுப்போன உற்பத்தியை நம் நாடு ஈடு செய்கிறது, கஜானா நிறைகிறது என்றார்கள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்தச் சண்டை ஒன்றரை வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த அட்டையை எழுத வேண்டியிருந்திருக்காதே என்று எலாடியோ நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

இஸ்மேனியா ஒரு காகிதத்தோடு அவன் வீட்டுக்கு வந்தாள். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து எழுதி வாங்கும் வாக்குமூலம் அது. எந்தப் பகுதியில் கடைசியாகப் பார்த்தது என்று தெரிந்தால்தான் எலும்புகளில் தேட ஒரு வழி கிடைக்கும். நுவேவோ சிர்கோ என்று அவளே எழுதி வைத்திருந்தாள். அவன் கையெழுத்துதான் பாக்கி.

எலாடியோ பேனாவை வாங்கினான். கையெழுத்துப் போடாமல் அதைக் காகிதத்தின் மேலேயே வைத்தான்.

"அங்க இல்ல" என்றான். "பெத்தாரேல. பாலத்தடியில. காசு பத்தலைன்னு நான்தான் இறக்கிவிட்டேன்."

இஸ்மேனியா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருபது மாசமா தப்பான இடத்துல தேடியிருக்கேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குக் காலையில என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. நீங்க இறக்கின அதே இடத்துக்கு."

மறுநாள் ஏறியதும் முழுக் கட்டணத்தை அவன் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி அவனும் கூடவே இறங்கினான். தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் அரேப்பா என்ற சோள ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். அதே இடத்தில் பல வருஷமாக விற்கிறவர். இஸ்மேனியா போட்டோவை நீட்டினாள்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா! கலவரம் ஆரம்பிச்ச அன்னைக்குத்தான். காலையிலேர்ந்து இங்கயே நின்னுச்சு. ஒரு பஸ்காரனும் பழைய காசுக்கு ஏத்தல. பத்து மணிக்கெல்லாம் கல்லெறிய ஆரம்பிச்சுட்டானுங்க. 'வீட்டுக்கு ஓடிப்போ தாயி'ன்னு நான்தான் சொன்னேன். 'பயமில்ல, எங்க ஊரு டிரைவரு திரும்பி இந்த வழியாத்தான் வருவாரு. காலையில கோவத்துல இருந்தாரு, திரும்பும்போது சரியாயிடுவாரு'ன்னு சொல்லிச்சு."

"வந்தாரா?" என்றாள் இஸ்மேனியா.

"மத்தியானம் ஒரு பஸ் வந்துச்சு. காலி பஸ்ஸு. அதைப் பாத்துட்டு நடுரோட்டுக்கே ஓடிப்போய்க் கை காட்டிச்சு. அவன் நிக்கல. அப்புறம் குவாரேனாஸ் பக்கமா ரோட்டோரமாவே நடந்து போச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது மகளே."

இஸ்மேனியா எலாடியோவின் பக்கம் திரும்பினாள்.

நுவேவோ சிர்கோவில் மாணவர்கள் செய்த மறியலைத் தாண்டி அன்று மத்தியானம் அவன் காலி வண்டியோடு தப்பி வந்தது உண்மை. இந்தப் பாலத்தடியில் புகையும் கல்லும் கூச்சலுமாக இருந்தது உண்மை. ரோட்டில் நூறு கைகள் நீண்டிருந்தன. கவனிக்கவில்லை என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க முடியாது. அத்தனை நாளும் அவன் தனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க அவளைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றான் எலாடியோ.

அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அரேப்பாக்காரர் காட்டிய பக்கமாக ரோட்டோரத்தில் நடக்க ஆரம்பித்தாள். எலாடியோ பஸ்ஸில் ஏறி மெதுவாக அவள் பக்கத்திலேயே கொண்டுபோய்க் கதவைத் திறந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.