அம்சத்துக்கு விட்ட இடம்

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறு வருஷம் சம்பா நடவு தொடங்கியபோது அம்சம் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பாபநாசத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஊரை விட்டு ஒதுக்கப்பட்டிருந்த சேரித் தெருவிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் பெண் அவள்தான். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த வழக்கில் அப்பா ரெத்தினம் ஜெயிலில் இருந்தார். அம்மா காத்தாயியின் கூலியில் மட்டும் உலை கொதிக்கவில்லை.

"நாளையிலேருந்து நடவுக்கு வா" என்றாள் காத்தாயி. சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்சம் சேற்றில் இறங்கினாள். தண்ணீருக்குள் மேகங்கள் மெல்ல நகர்ந்தன. நாற்றை ஊன்றும்போதெல்லாம் வானம் கலங்கி, பிறகு தெளிந்தது. அதையே பார்த்தபடி பின்தங்கிப் போனாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன.

நடவாள்களுக்குத் தலைவியான கண்ணாத்தாள் நிமிர்ந்தாள். "என்னடி சொல்றே?"

"ஆறுங்களோட பேரு அத்தை. இன்னைக்குப் பூகோளப் பரீட்சை. நைல், அமேசான், மிசிசிப்பி..."

பெண்கள் சிரித்தார்கள். "அங்கெல்லாமும் நடவு உண்டாடி?" என்று கேட்டாள் ஒருத்தி.

"தெரியலக்கா. அதுக்குள்ளதான் நின்னுட்டேனே."

சிரிப்பு அடங்கிப்போயிற்று. கஞ்சி குடிக்கக் கரையேறியதும் கண்ணாத்தாள் காத்தாயியிடம் சொன்னாள்: "நாளைக்கு இவளப் பள்ளிக்கூடம் அனுப்பு. இவ இடத்தை நாங்க பிரிச்சு நட்டுடுறோம். இவ கூலி நெல்லு உனக்கு வந்துடும்."

பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் ஒப்பவில்லை. "வராத ஆளுக்குக் கூலியா?" என்று வரப்பில் நின்று கத்தினார்.

"வயலைப் பாருங்க ஐயா. எங்கேயாவது நாத்து குறைஞ்சிருந்தா சொல்லுங்க" என்றாள் கண்ணாத்தாள். நாற்றுமுடியைப் பிடித்தபடி எல்லாப் பெண்களும் நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தியும் குனியவில்லை. பறித்த நாற்று வெயிலில் துவண்டுகொண்டிருந்தது. பஞ்சநதம் வேறு வழியில்லாமல் கூலிக்கு ஒப்பி, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

ஆனால் மறு வாரமே, பள்ளிக்குப் போகும் பண்ணை வரப்பு முள் வெட்டிப்போட்டு அடைக்கப்பட்டது. இனி வாய்க்காலில் இறங்கித்தான் கடக்க வேண்டும். ஐப்பசியில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு துணைக்கு வந்தார்கள். ஒருத்தி புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொள்வாள், இன்னொருத்தி அம்சத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மழைப்புகையில் கரை மறைந்திருக்கும். எங்கோ வேறு நாட்டு ஆற்றைக் கடப்பதுபோல அம்சத்துக்குத் தோன்றும்.

நனைந்த பாவாடையோடு வகுப்பில் உட்கார்ந்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிக்கூடத்து எதிர்வீட்டு ஜன்னத் பீவி, நடுங்கிக்கொண்டு போன அவளை ஒரு காலையில் வாசலில் நிறுத்தினாள்.

"உள்ள வா புள்ள. ஈரத்தோட எங்க போறே?"

அம்சம் தயங்கினாள். "நான் அந்தத் தெருங்கம்மா."

"கேட்டேனா? வான்னுதானே சொன்னேன்."

அன்றிலிருந்து அம்சத்தின் உலர்ந்த பாவாடை ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. மாற்றிக்கொண்டதும் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கிடைக்கும். மாலையில் காய்ந்த துணியில் அடுப்புப் புகை மணக்கும்.

தை அறுப்பு முடிந்தபோது ரெத்தினம் ஜெயிலிலிருந்து வந்தார். மகள் படிப்பை விடவில்லை என்று கேட்டதும் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்சம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். சில வருஷங்களில் பாபநாசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆனாள். அதற்குள் தெருவிலிருந்து வேறு பெண்களும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாத்தாளும் மற்றவர்களும் அவளைப் பார்க்க வந்தார்கள். செருப்பில்லாத கால்களை வாசலில் தட்டித் தட்டித் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். கேட்கவும் பேசவும் தலையில் மாட்டியிருந்த கருவியை அம்சம் கழற்றிக் கண்ணாத்தாளுக்கு மாட்டிவிட்டாள்.

கண்ணாத்தாள் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "யாரோ ஒரு பொண்ணு, தஞ்சாவூர் பேசுறேங்குறா."

"தஞ்சாவூர் எக்ஸ்சேஞ்சுல என்னை மாதிரி வேலை பாக்குற பொண்ணு. பதில் சொல்லுங்க அத்தை."

"தாயி, நான் கண்ணாத்தா பேசுறேன்" என்றாள் அவள், வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்பவளை அழைக்கிற குரலில். "எங்க அம்சத்தைப் பாக்க வந்திருக்கேன். நீ யாரு வீட்டுப் பொண்ணு? சாப்பிட்டியா?"