சித்தி வெள்ளைச் சேலையில் வந்த சாயங்காலம்

எங்கள் சித்தி திரைப்படங்களில் கணவனைப் பறிகொடுக்காத வருஷம் குறைவு. கடலுக்குப் போய்த் திரும்பாதவன், லாரியில் அடிபட்டவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தவன் என்று எத்தனையோ பேருக்காக அவள் அழுதாள். மட்டாஞ்சேரித் தியேட்டரில் அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்திய பெண்களில் பலருக்கு, அவளுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை என்பது தெரியாது. ஏன் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அது தவறிப்போன அன்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு பஜார் ரோட்டில் மிளகாய், மல்லித் தரகு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டதால் அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்தாள். அவளுக்குப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டவர் அம்மாவின் அண்ணனான மாமா. அடுத்த தெருவில் வீடு. தினமும் காலையில் வந்து, சித்தி என்ன செய்கிறாள் என்று அம்மாவிடம் கேட்பார். சித்தி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும் அம்மாவிடம்தான் கேட்பார்.

சித்திக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். துணி உலர்த்தப் போனால் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ பேசுவாள்; எட்டிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஓணத்துக்கு வாசகசாலைக்காரர்கள் போட்ட நாடகத்தில் அவள் நடிப்பு தொடங்கியது. அதைப் பார்த்த ஒரு நாடகக் குழு கூப்பிட்டது. அங்கிருந்து சினிமா. நாயகிக்குப் பின்னால் குடத்தோடு நடப்பது, கல்யாண வீட்டில் பூத்தட்டோடு நிற்பது என்று வாயைத் திறக்காத வேஷங்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பேசுகிற வேஷம் கிடைத்தது. துறைமுகத்தில் வேலைபார்த்துச் செத்துப்போனவனின் மனைவி.

வரனும் அப்போதுதான் வந்தது. பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். போட்டோவைப் பார்த்தே பிடித்துவிட்டதாம். கல்யாணத்துக்குப் பிறகு சினிமா கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் கேட்டது. சித்தியைக் கேட்காமலே மாமா அதற்குச் சரி சொல்லியிருந்தார்.

வெலிங்டன் தீவில் ஷூட்டிங் நாளும், அவர்கள் பெண் பார்க்க வரும் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன. மாமா போகக் கூடாது என்றார். சித்தி சாப்பிட மாட்டேன் என்றாள். அம்மாதான் நடுவில் புகுந்தாள்.

"காலையில போயிட்டு மத்தியானம் வந்துரட்டும் அண்ணே. ஒத்துக்கிட்ட வேலை. துணைக்குக் குட்டியை அனுப்புதேன்."

குட்டி என்பது நான். அம்மா ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தாள். அதில் மாம்பழ நிறப் பட்டுச்சேலை, கண்ணாடி வளையல், வாழையிலையில் சுற்றிய மல்லிகை, குங்குமச் சிமிழ்.

"படம் புடிச்சு முடிஞ்சதும் அங்கயே மாத்திக்கிடச் சொல்லு. நாலு மணிக்கு அவங்க வந்துருவாங்க. அதுக்கு முந்தி நீ சித்தியைக் கூட்டிட்டு வந்துரணும். கேட்டியா?"

கேட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து படகில் தீவுக்குப் போனோம். கிட்டங்கிகளுக்குப் பின்னால், தண்ணீரை ஒட்டிய இடத்தில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். சித்தியை ஒரு தார்ப்பாய் மறைப்புக்குள் கூட்டிப் போய், கரையில்லாத வெள்ளைச் சேலையில் வெளியே கொண்டுவந்தார்கள். வளையல் இல்லை. நெற்றியில் ஒன்றுமில்லை. முகத்தில் சாம்பல் கலந்தாற்போல ஒரு பூச்சு. கேரளத்தில் வெள்ளை உடுப்பது அதிசயமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எப்போதும் மஞ்சளும் பச்சையுமாகத் திரிந்த சித்தியை அப்படிப் பார்த்ததும் நான் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கப்பல் கம்பெனி குமாஸ்தாவிடம் போய், "அவர் சட்டையையாவது கொடுங்கள்" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடக்க வேண்டும். வீட்டில் கொடிக்கயிற்றிடம் அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் அது துலா மாசம், நம் ஐப்பசி. வெயில் வரும், எல்லோரும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நிற்பார்கள், மேகம் வந்து மூடும். "வெயிட்" என்று டைரக்டர் கத்துவார். எல்லோரும் சாயா குடிப்பார்கள். மறுபடி வெயில், மறுபடி ஓட்டம்.

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் மணி கேட்டேன். லைட் தூக்கும் சேட்டன் ஒருவர், "மோளுக்கு டிரெயின் பிடிக்கணுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பட்டுச்சேலை கசங்கிவிடுமோ, பூ வாடிவிடுமோ, அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்களோ என்று ஒவ்வொன்றாக மனசில் ஓடியது. சித்தியின் பக்கத்தில் போய் முந்தானையை இழுத்தேன்.

"சித்தி, மூணு ஆயிட்டு."

"வெயில் வரட்டும்டி."

"மாமா அடிப்பாவ."

"உன்னையா, என்னையா?" என்றாள். அவள் கால் ஆடவில்லை என்பதை அப்போது கவனித்தேன். எல்லோரும் தவித்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவள் ஒருத்திதான் அசையாமல் நின்றாள்.

ஒருவழியாக வெயில் வந்தது. சித்தி கேட்டாள், திரும்பினாள், நடந்தாள். ஒரே தடவைதான். டைரக்டர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, "மதி. பாக்கி நாளெ" என்றார். போதும், மிச்சம் நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்கும் உண்டு என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் படகின் மணி அடித்தது. "மாத்துறதுக்கு நேரமில்ல, வா" என்று சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி ஏறினாள். உடுப்புக்காரப் பெண்மணி பின்னாலிருந்து ஏதோ கத்த, "நாளெ இட்டோண்டு வராம்!" என்று இவளும் கத்தினாள். இதையே உடுத்திக்கொண்டு நாளைக்கு வந்துவிடுவாளாம்.

படகில் மீன்கூடையோடு வந்த ஒரு சேச்சி, அழுகைக்காகப் போட்ட மருந்தில் சிவந்திருந்த சித்தியின் கண்களைப் பார்த்துவிட்டு, "எந்து பற்றி மோளே?" என்று தோளைத் தடவினாள். என்ன ஆயிற்றென்று கேட்கிறாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சிமிழைத் திறந்து நீட்டினேன்.

"பொட்டாவது வச்சுக்கோ சித்தி."

"காத்தடிக்கில்லா? கொட்டிப்போயிரும். வீட்டுல போயி வச்சுக்கிடுவோம்."

நியாயமாகத்தான் பட்டது. மூடி வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு. அதில் நுழைந்தால் நேராக அடுக்களைக்குப் போய்விடலாம். சந்து முனையில் நான் சித்தியின் கையை அந்தப் பக்கம் இழுத்தேன். அவள் என் கையை விட்டுவிட்டு நேராக முன்வாசலுக்குப் போனாள். வாசலில் புதிய செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

கூடத்தில் மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா. எதிரே அப்பாவும் மாமாவும், வாசலையே பார்த்தபடி. சித்தி உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் இப்படி ஒருத்தி எதிரே வந்தால் அந்தக் காலத்தில் அப்படித்தான். என் அம்மாவின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார்.

"பாவம், சின்ன வயசா இருக்கே. உங்க வீட்டுப் புள்ளையா?"

அம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். மாமா எழுந்துவிட்டார். எல்லோரும் சும்மா இருக்கிறார்களே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. ஒப்படைத்த வேலையைச் செய்து முடித்துவிட்ட பெருமையில், நான் முன்னால் வந்து உரக்கச் சொன்னேன்.

"இதுதான் எங்க சித்தி. பொண்ணு இவதான்!"

மாப்பிள்ளையின் வாயில் பாதி முறுக்கு இருந்தது. அவர் அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

சித்தி கைகூப்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. ஷூட்டிங் முடிய நேரமாயிட்டு. நாளைக்கும் இருக்கு. அதுக்கப்புறமும் இருக்கும்" என்றாள். குரலில் மரியாதைக் குறைவே இல்லை. குமாஸ்தாவிடம் பேசிவிட்டு நடந்தாளே, அதே மாதிரி, பதிலுக்குக் காத்திருக்காமல் கூடத்தைக் கடந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவர்கள் சாயாவைத் தொடாமல் எழுந்தார்கள். பெரியப்பா மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா கும்பிட்டபடியே தெருமுனை வரை போனார். திரும்பி வந்து, அப்பா என்ன சொல்லியும் கேட்காமல், "இவ இருக்க வீட்டு வாசலை இனி மிதிச்சா ஏன்னு கேளு" என்று கத்திவிட்டுச் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சித்தி தனியாகத் தீவுக்குப் போனாள். துணைக்கு யாரையும் அனுப்பவில்லை. இனிமேல் வருவதற்கு அவமானம் எதுவும் பாக்கியில்லை என்று அப்பா சொன்னார். அந்தப் படம் வந்தபோது, அவள் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறதென்று வேறு யாரோ அவளுக்குக் குரல் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த நடையைப் பார்த்துவிட்டு மதராசிலிருந்து கூப்பிட்டார்கள். போனாள். நாயகியாக ஒரு படத்தில்கூட வரவில்லை. விதவை, அக்கா, நர்ஸ், கொஞ்சம் வயதானதும் அம்மா. சில வருஷங்கள் படமே இல்லாமல் வாடகை அறையில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எண்பதுகளில் டெலிவிஷன் வந்ததும் திருவனந்தபுரத்துக்கு மாறினாள். அங்கே தொடர்களில் அவள் குரலிலேயே பேசவிட்டார்கள். அந்தத் தமிழ் வாடை கேட்கிறவர்களுக்குப் பிடித்துப்போனது. நாற்பதை நெருங்கும்போது அங்கேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

வாசலை மிதிக்க மாட்டேன் என்ற மாமா, சுள்ளிக்கல்லுக்கு நாங்கள் வீடு மாறியபோது, அது வேறு வாசல் என்று சொல்லி வந்தார். தொடர் வருகிற நாளில் டெலிவிஷனுக்கு முன்னால் முதல் ஆளாக உட்காருவார். திரையில் சித்தி அழும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நடிப்புன்னு தெரியுது. இருந்தாலும்..." என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அந்தச் சாயங்காலத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. மாமா தெருவில் இறங்கிய பிறகு அம்மா கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். சித்தி கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். "குடியைக் கெடுத்தியேடி! உனக்கு ஈவு இரக்கம் உண்டா? அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" நான் அதுவரை கேட்டிராத குரல் அது. நான் பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தியை இன்றைக்கே வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். கத்திக்கொண்டே அம்மா உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, சித்தியின் நெற்றியில், கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, நோகாமல் தடவித் தடவி அந்தச் சாம்பல் பூச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை அந்தக் கையில் சாய்த்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. அம்மாவின் வாய் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, கை வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயைத்தான் நம்பினேன்.