நண்டு சாப்பிடாத விருந்தாளி

இயேசு நண்டு சாப்பிட மாட்டார் என்று என் அம்மா சொன்னபோது எனக்கு எட்டு வயது. சித்தப்பாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. சித்தி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். எங்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்த பாஸ்டர் ஐயாவின் வாயில் அந்த நேரம் பார்த்து ஒரு நண்டுக் கால் இருந்தது. பாவம், துப்புவதா மெல்லுவதா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கோ தூக்கிவாரிப் போட்டது.

இதில் அதிர்ச்சியாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கோட்டைக்குப்பத்தில் எங்களுடையது நண்டு வலைக்காரர் வீடு. பழவேற்காடு ஏரி கொடுக்கிற நண்டும் இறாலும்தான் எங்களுக்குச் சோறு, பள்ளிக்கூடம், கிறிஸ்துமஸ் துணி எல்லாம். அக்காவும் தங்கையுமாக அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவர்கள் அம்மாவும் சித்தியும். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து என் நைனா இறந்துபோன பிறகு, குடும்பத்துக்காக அம்மா எருசலேமில் வயதான யூத அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். என்னைச் சித்தியிடம் விட்டுப் போனபோது எனக்கு நான்கு வயது.

மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்றார்கள். என் அம்மா இயேசு நடந்த ஊரில் இருந்தாள். இதை வைத்துக்கொண்டு நான் பள்ளியில் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா தினமும் இயேசுவின் வீட்டு வாசல் வழியாகத்தான் கடைக்குப் போகிறாள் என்றெல்லாம் அளந்து விட்டிருக்கிறேன். ஆனால் ஜெபத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மா திரும்பி வர வேண்டும், வந்தால் மறுபடி போகவே கூடாது.

நான்கு வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்தாள். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்த ஊர்ல எல்லாரும் நம்ம ஆளுங்கதானே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லக்கா, நம்ம ஆளுங்க கொஞ்சம் பேருதான். நான் வேல செய்ற வூட்ல சனிக்கெழமதான் ஓய்வுநாள். அடுப்புகூட பத்தவைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம கடையெல்லாம் தெறந்துதான் இருக்கும்" என்றாள் அம்மா.

இயேசுவின் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கும் என்பதைக் கேட்டுப் பாதிப் பேர் வாயைப் பிளந்தார்கள். அதுவே தேவலாம் என்று ஆனது, நாங்கள் வீட்டுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்த பிறகு.

சித்தி விடிந்ததிலிருந்து அடுப்படியிலேயே கிடந்து நண்டுக் குழம்பும் இறால் தொக்கும் மடவை மீன் வறுவலும் செய்திருந்தாள். அம்மாவுக்கு நண்டு என்றால் உயிர் என்று ஊருக்கே தெரியும். அவளோ ஒரு மடவைத் துண்டை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

"இன்னாக்கா, நண்ட தொடவே மாட்டேங்கிற? உனக்குன்னு பொறுக்கி வச்சது" என்றாள் சித்தி.

"வேணாம்டி. அந்த வூட்ல நண்டும் எறாவும் வாசப்படி தாண்டாது. பழக்கம் வுட்டுப்போச்சு."

சித்தப்பா சிரித்தார். "யூதங்க துன்ன மாட்டாங்க, சரி. நமக்கு இன்னா அண்ணி? நாம இயேசு சாமி ஆளுங்க."

"அவரும் அந்த வூட்டுப் புள்ளதான் தம்பி. மரியாளம்மா அவருக்கு நண்டு ஆக்கிப் போட்டிருக்கவே மாட்டாங்க. அவரும் நண்டு துன்ன மாட்டாரு."

இயேசு யூதர் என்று வேதத்தில் எத்தனையோ முறை படித்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் அவரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து, இது ஆகும், இது ஆகாது என்று பார்த்துச் சாப்பிட்டிருப்பார் என்று ஒருவரும் நினைத்ததில்லை. எங்கள் மனதில் அவர் எங்கள் ஆள். படகு ஏறியவர், வலை தெரிந்தவர், ஆகவே நண்டும் சாப்பிட்டவர்.

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தோம். அவர் நண்டுக் காலை மெதுவாக வெளியே எடுத்தார். "சிஸ்டர் சொல்றது சரிதான். செதிலும் துடுப்பும் இல்லாதத சாப்பிடக் கூடாதுங்கறது மோசேயோட சட்டம். லேவியராகமத்துல இருக்கு."

அம்மா அதோடு விட்டிருக்கலாம். "இயேசு சாமி ஒரு வலை உவமை சொல்வாரே, நல்லத கூடையில சேத்துட்டு ஆகாதத எறிஞ்சுடுவாங்கன்னு? அழுகுன மீனத்தான் சொல்றாருன்னு சின்னப் புள்ளயிலேர்ந்து நெனச்சிருந்தேன். அப்பதான் இழுத்த வலையில ஏது அழுகுன மீனு? அந்தம்மாவுக்கு மீன் வாங்கப் போயி, செதில் கீதான்னு பாத்துப் பாத்து வாங்குறப்பதான், ஆகாததுன்னா செதில் இல்லாததுன்னு எனக்கு ஒறச்சுது."

சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப என் வலையில வர்றது பூரா ஆகாதது. அப்டித்தானே அண்ணி?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார்.

"உக்காருப்பா" என்று பாஸ்டர் அவர் கையைப் பிடித்தார். "வலை என்ன நல்ல மீனா பாத்தா வாருது? வர்றது எல்லாத்தையும் வாருது. அதானே ஆண்டவர் சொன்னது? பிரிக்கிறது கடைசியில தேவதூதருங்க வேலை, நம்ம வேலை இல்ல. அந்த யூதங்க கணக்குல நண்டும் எறாவும் யாரு? வெளி ஜனங்களான நாமதான். நம்மளயும் சேத்துத்தானே இழுத்துக்கிட்டு வந்தாரு!" இயேசுவின் சீடர் பேதுரு கண்ட தரிசனத்துக்குப் பிறகு எதையும் சாப்பிடலாம் என்று ஆகிவிட்டதாகவும் சொல்லி, அந்தத் தரிசனத்தின் தைரியத்தில் நண்டுக் காலை மறுபடி வாயில் வைத்தார். சித்தப்பாவும் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பெரியவர்களுக்கு அதிர்ச்சி அத்தோடு தீர்ந்தது.

எனக்கு அப்போதுதான் தொடங்கியது. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுமுன், "ஆண்டவரே, எங்கள் பந்தியில் வந்து உட்காரும்" என்று ஜெபம் சொல்வது நான்தான். ஐயையோ, இத்தனை வருடமாக நண்டுக் குழம்பை நடுவில் வைத்துக்கொண்டா அவரைக் கூப்பிட்டேன்! வாசல் வரைக்கும் வந்து, வாசம் பிடித்து, திரும்பிப் போயிருப்பார். வீட்டுக்குள்ளேயே வராதவர் என் அம்மாவை எப்படி என்னிடம் நிறுத்திவைப்பார்?

அன்றிலிருந்து நண்டையும் இறாலையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நண்டுச் சட்டியை மண் போட்டுத் தேய்த்தேன். சித்தப்பாவின் நண்டுக் கூடையை அவர் அந்தண்டை போனதும் வீட்டுக்குப் பின்னால் இழுத்துவிட்டேன். தட்டில் விழுந்த மீனையெல்லாம் திருப்பிப் போட்டுச் செதில் இருந்த அடையாளம் தேடினேன். ஒருநாள் செதிலே இல்லாத கெளுத்தி மீனில் குழம்பு வைத்தபோது வெறும் சோற்றைத் தின்றேன். "வந்துட்டாடா யூதச்சி!" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும் நேரம் கதவை அகலத் திறந்து வைத்தேன். உள்ளே வந்தது பக்கத்து வீட்டு ஆடுதான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது, ஏனென்றால் அம்மாவும் என்னைப் போலவே நண்டைத் தொடாமல் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைச் சுத்தமாக்கிக்கொண்டிருந்தோம் என்றுதான் நினைத்தேன்.

லீவு முடிந்தது. பெட்டி கட்டியாயிற்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் பொன்னேரி பஸ். இயேசு வந்துவிடுவார், ஏதாவது செய்து நிறுத்திவிடுவார் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். பகீரென்றது.

அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து நண்டு தின்றுகொண்டிருந்தாள். பல நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி ஒவ்வொரு காலாக ஒடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வந்த நாளா தொடல, போற நேரத்துல இன்னாக்கா இது?" என்று சித்தி கேட்டாள். அவள் குரலும் சரியில்லை.

"வந்த அன்னிக்கே வாயில வச்சிருந்தா, டிக்கெட்ட கிழிச்சுப் போட்டிருப்பேன்டி. பழக்கம் வுட்டுப்போச்சுன்னு சும்மா சொன்னேன். இப்பதான் போறது முடிவாயிடுச்சே."

இது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் ஏறவில்லை. "நீயே கெடுத்துட்டியேம்மா!" என்று கத்தினேன். "அவரு இனிமே எப்டி உள்ள வருவாரு? யாரு உன்ன போவாத நிறுத்துவாங்க?"

அம்மா என்னையே பார்த்தாள். திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். நான் இத்தனை நாளும் எதற்காக நண்டைத் தொடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். அப்படி ஓர் அதிர்ச்சியை அவள் முகத்தில் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. எச்சில் கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நண்டின் பெரிய கொடுக்கை உடைத்து, சதையை எடுத்து என் வாயில் வைத்தாள். நான் ஆத்திரத்தில் அதைத் தரையில் துப்பினேன்.

அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து, நான் துப்பியதை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நண்டின் மேல் இவளுக்கு இவ்வளவு ஆசையா என்று அன்று எனக்கு வெறுத்தே போய்விட்டது.