ரேயா கொண்டுவந்த அறுபது தாள்கள்

மேல் கிராமத்துக்கு ரேயா போகவே இல்லையாம். குய்மாராஸ் தீவின் படகுத்துறையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் தன் நாத்தனாரிடம் சொல்ல, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த நாத்தனார் அதை டெல்ஃபாவிடம் சொன்னாள்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கடை பெஞ்சுலயே உக்காந்து தாள் தாளா எழுதுச்சாம். ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் வேற!"

டெல்ஃபா சிரித்து வைத்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

எதிர்க்கரையில், இலோயிலோ நகரச் சுகாதார நிலையத்தில் பதினாறு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள் டெல்ஃபா. நாற்பத்திரண்டு வயதில் பொதுச் சுகாதார முதுகலையில் சேர்ந்தாள். சனிக்கிழமை தோறும் வகுப்பு. புள்ளியியலில் இரண்டு முறை கோட்டைவிட்டவளைத் தன் சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துத் தேற்றிவிட்டவள் வகுப்புத் தோழி ரேயாதான். டெல்ஃபாவின் மகளுக்கு ஞானத்தாயும் அவளே. அந்த உறவு முறையில் ஒருவரையொருவர் 'மாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பட்டத்துக்காக டெல்ஃபா எடுத்த ஆய்வு, தீவு மீனவர்களின் இரத்த அழுத்தம் பற்றியது. நூற்றிருபது பேர். கீழ் கிராமத்து அறுபது பேரையும் டெல்ஃபா அளந்து முடித்த வாரம், நிலையத்தில் பிரசவம் குவிந்துவிட்டது.

"நீ பிரசவத்தைப் பாரு மாரே, மேல் ஊர் பிரஷரை நான் பாத்துக்கறேன்" என்று ரேயாதான் கருவியைக் கேட்டு வாங்கிப் போனாள்; அறுபது தாள்களோடு திரும்பினாள்.

நாத்தனார் சொன்னதற்குச் சிரித்துவிட்டாளே தவிர டெல்ஃபாவுக்கு மனசு கேட்கவில்லை. மதியம் நூலகத்தில் தாள்களைப் பிரித்தாள். தன்னுடையவற்றில் 140, 128, 152. ரேயாவுடையவற்றில் 137, 143, 129.

அது முள் வைத்த பழைய கருவி. இரண்டு எண்ணுக்கு ஒரு கோடுதான் போட்டிருக்கும். அதில் பார்த்து எழுதுகிற எவர் கையிலிருந்தும் ஒற்றைப்படை எண் வராது. நிஜம் மாதிரித் தெரியட்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொய் எழுதியிருக்கிறாள்!

மேல் ஊர் எண்கள் ஒற்றைப்படையாக இருப்பதைச் சொல்ல, ஆய்வு வழிகாட்டி துபாஸ் மேடத்திடம் ஓடினாள். 'எண்களைத் திருத்தினால் கை அழுகும்' என்று ஆய்வுமுறை வகுப்பின் முதல் நாளே மிரட்டியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒத்தைப்படையா இருக்கறதையெல்லாம் பக்கத்து எண்ணா மாத்திடு டெல்ஃபா. அடுத்த சனிக்கிழமை தேர்வுக் குழு வருது. அவங்க கண்ணு உன் அட்டவணையிலயா இருக்கப்போகுது? நீ கொண்டுவர்ற சாப்பாட்டுத் தட்டுல இருக்கும்."

"மாத்தலைன்னா மேடம்?"

"இன்னொரு வருஷம். அந்தப் பொண்ணு பேரை இழுக்காதே, அதுக்கும் பட்டம் வேணும்."

ரேயா விஷயம் இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. டெல்ஃபா அவள் பெயரையே இன்னும் சொல்லவில்லையே.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். மேல் ஊரில் யாருக்காவது நிஜமாகவே இருநூறு இருந்தால்? அளக்க ஆள் வரும் என்று வீட்டிலேயே காத்திருந்தவர்களாயிற்றே. குழுவின் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி அங்கேயே கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். போகட்டும்.

பிறகு ரேயாவைப் போனில் கூப்பிட்டாள். திட்டுவதற்கு இல்லை. ஒரு வீட்டுக்காவது போனாயா என்று கேட்க.

மணி அடித்து ஓய்ந்தது. திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில், போன் அவள் கையில்தான் இருக்கிறது என்று காட்டும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எடு மாரே" என்று மறுபடி அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது.